ஆஃப்ரிடெவ் அடிபம்பு: ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டுக் கிராமத்தில் எங்கள் அனுபவம்

எங்கள் சபையின் கிராம ஊழியத்தில் போர்வெல் போட்டு ஆஃப்ரிடெவ் அடிபம்பு வைத்தோம், நாங்கள் செய்ததிலேயே உருப்படியான காரியம் இதுதான். 1980களில் இதை உருவாக்கும்போதே ஊர்க்காரர்களே பழுதுபார்க்க வேண்டும் என்று நினைத்துத்தான் செய்திருக்கிறார்கள்: ஒரே ஒரு ஸ்பேனர் போதும், மூடியைக் கழற்றி, குழாய்க்குள் இருக்கும் கம்பிகளை (ராடு) ஒவ்வொன்றாக உருவி, தேய்ந்துபோன ரப்பர் வளையத்தை (சீல்) மாற்றிவிடலாம். தண்ணீர்க் கமிட்டி அம்மாக்கள் ஒரு காலையில் முடித்துவிடுகிறார்கள். நம்ம ஊர் அடிபம்பு இந்தியா மார்க் 2 உறுதியானதுதான், ஆனால் அதன் இரும்புக் குழாயைத் தூக்க ஆட்கள் வேண்டும், அமிலத் தண்ணீரில் துருப்பிடிக்கும். ஆஃப்ரிடெவ்வில் பிவிசி குழாய்.

தண்ணீர் 45 மீட்டருக்கு மேல் ஆழத்தில் இருந்தால் இதை வாங்காதீர்கள். அப்புறம், உதிரிபாகம் முக்கியம். சீல் கிடைக்காமல் மூன்று வாரம் ஆற்றுத் தண்ணீர் குடித்தோம், பிள்ளைகளுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு. இப்போது வீட்டுக்கு வீடு கொஞ்சம் வசூலித்து, முன்கூட்டியே வாங்கி ஆலய அலமாரியில் வைத்திருக்கிறோம்.