மழைக்காலக் கப்பல் பயணம்: பினாங்கா, பூக்கெட்டா, லங்காவியா?

சிங்கப்பூரிலிருந்து மலாக்கா நீரிணை வழியாக வடக்கே போய்த் திரும்பும் நான்கைந்து நாள் கப்பல்களில் ஜூனிலும் செப்டம்பரிலும் சில சமயம் கட்டணம் குறைவாகக் கிடைக்கும். அது அங்கே மழைக்காலம். நானும் என் கணவரும் இரண்டு முறை அப்படிப் போனோம். முதல் தடவை ஜூனில் மலேசியாவின் லங்காவியும் தாய்லாந்தின் பூக்கெட்டும், அடுத்தது செப்டம்பரில் மலேசியாவின் பினாங்கும் மறுபடி பூக்கெட்டும். இரண்டு முறையும் நனைந்தோம். ஆனால் ஒரு பயணத்தில் பாதி நாள் வீணானது, இன்னொன்றில் ஒரே ஒரு தப்பைத் தவிர நேரம் வீணாகவில்லை என்றே சொல்லலாம். அந்த வித்தியாசம் எதனால் வந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் பருவம். டிசம்பரில் சிங்கப்பூரில் கொட்டுகிறதே, பினாங்கிலும் பூக்கெட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. அந்தப் பக்கம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நல்ல வெயில். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும், செப்டம்பர், அக்டோபரில் மழை உச்சத்துக்குப் போகும். மழை மூன்று தீவுகளுக்கும் பொது. அலை அப்படியில்லை. பினாங்குக்கு மேற்கே சுமத்ரா தீவு மதில் மாதிரி நிற்கிறது, அதனால் அங்கே கடல் பெரும்பாலும் அடக்கமாக இருக்கும். பூக்கெட்டின் மேற்குக் கரைக்கு அப்படி மறைப்பு எதுவும் கிடையாது. அந்தமான் கடலின் அலை நேராக வந்து மோதும். மழைக்குக் குடை பிடிக்கலாம், அலைக்கு என்ன பிடிப்பது?

பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனின் சுவெட்டன்ஹாம் துறையிலேயே வந்து கட்டும். படி இறங்கினால் ஊர். விக்டோரியா அரசியின் 60 ஆண்டு ஆட்சிக்காக 60 அடி உயரத்தில் கட்டிய மணிக்கூண்டு கண்ணெதிரே நிற்கும். நாங்கள் அதன் அடியில் போய் நின்றபோதுதான் மழை பிடித்தது, நல்ல மழை. ஆனால் ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகள் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை உண்டு. நாம் அஞ்சடி என்கிறோமே, அதுதான். வெயிலுக்கும் மழைக்கும் என்றே கட்டியது. இடையிடையே யாராவது மோட்டார் சைக்கிளை நிறுத்தி வைத்திருப்பார்கள், தெருவைத் தாண்டும்போது குடையை விரிக்க வேண்டியிருக்கும். மற்றபடி லிட்டில் இந்தியா முழுவதையும் பெரிதாக நனையாமல் சுற்றினோம்.

குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. அங்கிருந்து சில நிமிட நடையில் 1801இல் தமிழ் முஸ்லிம்கள் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். அப்புறம் சூலியா ஸ்ட்ரீட் பக்கம் நாகூர் தர்கா. கோயில் வாசலில் மழை விடட்டும் என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "எந்த ஊருப்பா நீங்க?" என்று ஆரம்பித்துத் தன் தாத்தா கப்பலேறி வந்த கதையைச் சொன்னார். எந்த ஏற்பாட்டுச் சுற்றுலாவிலும் அந்த அரை மணி நேரம் கிடைத்திருக்காது. மதியம் நாசி கண்டார். ஒரு காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் காவடி போலத் தோளில் தூக்கிக்கொண்டு போய் விற்ற சோறு அது. மழையில் நடந்த பசிக்கு, சுடுசோற்றின் மேல் நாலு விதக் குழம்பைக் கலந்து ஊற்றித் தந்தால் வேறென்ன வேண்டும்!

பினாங்கில் ஒரே ஒரு தப்பு செய்தோம். பினாங்கு மலைக்கு ரயிலில் ஏற வேண்டும் என்று என் கணவருக்கு ஆசை. "ஏங்க, இந்த மழையில மேல போனா மேகத்துக்குள்ளதான் நிக்கணும்" என்றேன். "இவ்வளவு தூரம் வந்துட்டோம், வாம்மா" என்றார். போனோம். மேகத்துக்குள்தான் நின்றோம். மழை நாளில் மலையை விட்டுவிட்டு, அந்த நேரத்தைச் சீனக் குலக்கோயிலான கூ கொங்சிக்கோ, தண்ணீர் மேல் கால் நட்டுக் கட்டிய வீடுகள் உள்ள சியூ ஜெட்டிக்கோ கொடுங்கள்.

பூக்கெட்டை ஒரே தீவாக நினைக்காதீர்கள். கப்பல் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து அது இரண்டு வேறு ஊர். சில கப்பல்கள் மேற்கே பாத்தோங் விரிகுடாவில் நங்கூரம் போட்டு, பயணிகளைச் சிறு படகில் கரைக்கு அனுப்பும். சில கப்பல்கள் தென்கிழக்கே ஆவ் மாக்காம் துறைமுகத்தில் கட்டும். ஜூனில் எங்களுக்கு வாய்த்தது பாத்தோங். படகு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது, ஏறுவதற்கே இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். கரையில் சிவப்புக் கொடி. அதைப் பார்த்தும் சிலர் தண்ணீரில் இறங்கினார்கள், மனது பதைத்தது. அந்தக் கடல் காலைப் பிடித்து உள்ளே இழுக்கும், கொடி பறந்தால் இறங்கவே கூடாது. நாங்கள் தனியாரிடம் பதிவு செய்திருந்த பீபீ தீவு விரைவுப்படகு ரத்தானது. பணமும் திரும்பி வரவில்லை. பீபீயில் எல்லோரும் பார்க்க ஆசைப்படும் மாயா விரிகுடாவை ஆகஸ்டு, செப்டம்பரில் ஆண்டுதோறும் மூடிவிடுகிறார்கள். அந்த மாதங்களில் போகிறவர்கள் அதற்காகப் பணம் கட்டாமல் இருக்கலாம்.

செப்டம்பரில் கப்பல் ஆவ் மாக்காமில் நின்றது. இந்த முறை பாங் ங்கா விரிகுடாவுக்குப் போனோம். அது தீவின் கிழக்குப் பக்கம், மேற்குக் காற்றைத் தீவே தடுத்துவிடுகிறது. மேலே மழை விடாமல் பெய்கிறது, கீழே தண்ணீர் குளம் மாதிரி கிடக்கிறது. கடலிலிருந்து செங்குத்தாக எழும் சுண்ணாம்புப் பாறைகள், அவற்றின் பச்சை, பாறை இடுக்குகளில் வழியும் மழைநீர். வெயில் நாளில் இவ்வளவு அழகாக இருக்குமா என்று தெரியவில்லை. சில பாறைகளின் நடுவே கூரை இடிந்த குகைகள் உண்டு, தாய்லாந்து மொழியில் 'ஹோங்', அதாவது அறை என்பார்கள். கடல் ஏற்றவற்றம் ஒத்துவந்தால் சிறு தோணியில் படுத்தபடியே உள்ளே நுழையலாம். உள்ளே போனதும் நாலு பக்கமும் பாறை, தலைக்கு மேல் வட்டமாக வானம், அதிலிருந்து நேராக நம் மேல் இறங்கும் மழை. இருவரும் வெகுநேரம் பேசவேயில்லை. என் இரண்டு பயணங்களிலும் முதலிடம் அந்தக் கால் மணி நேரத்துக்குத்தான்.

லங்காவியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 708 மீட்டர் உயர மச்சின்சாங் மலைக்குப் போகும் கேபிள் காரை நம்பிப் போனோம். இடியும் காற்றும் வந்தால் நிறுத்திவிடுவார்கள், நிறுத்தினார்கள். கிலிம் சதுப்புநிலக் காட்டுப் படகுச் சவாரி மழையிலும் நன்றாக இருந்தது. தீர்வையில்லாக் கடைகளில் சாக்லேட் வாங்கலாம். பினாங்கும் லங்காவியும் ஒரே கட்டணத்தில் கிடைத்தால், மழைக்காலத்தில் யோசிக்காமல் பினாங்கை எடுப்பேன்.

சரி, கப்பல்காரர்களின் சுற்றுலாவா, நாமே போவதா? பினாங்கில் நாமே போவதுதான் சரி. துறைக்கு வெளியே நடந்தாலே எல்லாம் இருக்கும்போது பல மடங்கு காசு எதற்கு? பாங் ங்கா மாதிரி தூர இடத்துக்கு, அதுவும் மழையில், கப்பல் வழியாகவே பதிவு செய்யுங்கள், விலை கூடினாலும். வண்டி மாட்டிக்கொண்டு தாமதமானால் தன் சுற்றுலாக் கூட்டத்தைக் கப்பல் பொறுப்பேற்றுக்கொள்ளும், தனியாகப் போனவருக்காகக் காத்திருக்காது. வானிலையால் சுற்றுலா ரத்தானாலும் கப்பல்காரர்கள் பணத்தைத் திருப்பிவிடுவார்கள். இன்னொன்று, தாய்லாந்து நேரம் சிங்கப்பூர் நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் எந்த நேரத்தைக் கடைப்பிடிக்கிறது என்று இறங்கும் முன் கேளுங்கள். கைபேசி தானாக மாறிவிடும், அதை நம்பிக் கரையில் சாவகாசமாக உட்கார்ந்துவிடக் கூடாது.

கடைசியாக அறை. ஜூனில் சன்னல் இல்லாத உள்ளறை எடுத்தோம். மழையென்றால் தளத்திலும் உட்கார முடியாது, அறையிலும் இருட்டு. செப்டம்பரில் ஒரு சுற்றுலாவைக் குறைத்துக்கொண்டு அந்தக் காசில் பால்கனி அறை எடுத்தோம். திரும்பி வரும் நாள் விடியற்காலை ஐந்து மணி இருக்கும், சுமத்ரா பக்கமிருந்து கறுப்பாக ஒரு மேகச் சுவர் கடல் மேல் நகர்ந்து வந்தது. சிங்கப்பூரில் 'சுமத்ரா' என்றே சொல்வோமே, அந்தக் காலைப் புயல்மழை. வீட்டில் இருந்தால் துணியை எடுக்க ஓடுவோம். அன்றைக்கு அவர் இரண்டு கோப்பைத் தேநீர் கலந்து கொண்டுவந்தார். சாரல் முகத்தில் படும் தூரத்தில் நாற்காலியைப் போட்டு, அது எங்களைத் தாண்டிக் கிழக்கே போகும் வரை உட்கார்ந்திருந்தோம்.