சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே இரண்டு அங்குலம்: ஒரு டிவி அலமாரியுடன் ஏழு ஆண்டுகள்

எங்கள் வேளச்சேரி வீட்டுக் கூடத்தில் நிற்கும் டிவி அலமாரி 2018 ஜூலையில் செய்து முடிக்கப்பட்டது. இந்த ஏழு ஆண்டுகளில் இரண்டு தொலைக்காட்சிப் பெட்டிகளையும் ஒரு வெள்ளத்தையும் அது பார்த்துவிட்டது. அளவு கொடுத்து மரச்சாமான் செய்துகொள்ள நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று நம்பி, அதில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்பதை எழுதுகிறேன்.

அலமாரியின் அகலம் 6 அடி, ஆழம் 18 அங்குலம். 6 அங்குலக் கால்களின் மேல் ஒரு கீழ்ப்பெட்டியும், அதன் இரு ஓரங்களில் 4 அடி உயரமுள்ள ஒடுக்கமான இரண்டு அடுக்குகளும், அவற்றுக்கு இடையே டிவி வைக்க 42 அங்குல இடமும் இருந்தன. கால்களும் சட்டங்களும் கதவுகளும் தேக்கு; உள்கூடு ஈரம் தாங்கும் 19 மி.மீ. மரைன் பிளைவுட், அதற்கான இந்தியத் தர முத்திரை ஐஎஸ் 710 பெற்றது. பொருளும் கூலியுமாக 82,000 ரூபாய் ஆயிற்று.

வேலையைத் தொடங்கும் முன் தச்சர் இரண்டு விஷயங்களில் பிடிவாதமாக இருந்தார். அலமாரியின் முதுகைச் சுவரோடு ஒட்டக் கூடாது. அதைத் தரையில் உட்காரவைக்காமல் கால் வைத்துத் தூக்கி நிறுத்த வேண்டும். இடம் வீணாகிறதே என்று நான் தயங்கியபோது, "ரெண்டு அங்குலம் விட்டாத்தான் சார் மரத்துக்கும் மிஷினுக்கும் மூச்சு முட்டாம இருக்கும்" என்றார். அரைமனத்துடன் ஒப்புக்கொண்டேன். கதவுகளைப் பற்றி அவர் சொன்னதை மட்டும் நான் கேட்கவில்லை. இன்றுவரை எனக்குத் தொல்லை தருபவை அந்தக் கதவுகள்தான்.

நான்கு பக்கமும் சட்டம் கட்டி, நடுப்பலகையைப் பசையில்லாமல் காடியில், அதாவது சட்டத்தின் உள்விளிம்பில் வெட்டிய பள்ளத்தில், செருகிக் கதவு செய்வதே அவர் வழக்கம். தேக்கின் ரேகை இடையில் முறியாமல் முழுப் பரப்பிலும் ஓட வேண்டும் என்ற ஆசையில், பலகைகளை ஒட்டி ஒரே பரப்பாகச் செய்யச் சொன்னேன். மரம் ரேகையின் நீளவாக்கில் அநேகமாக மாறுவதே இல்லை. குறுக்குவாக்கில்தான் ஈரத்தை வாங்கி விரிகிறது, காய்ந்தால் சுருங்குகிறது. காடியில் செருகிய பலகைக்கு அந்த அசைவுக்கு இடம் உண்டு. ஒரே பரப்பான கதவு மொத்தமாக விரிந்தாக வேண்டும். எங்கள் 20 அங்குலக் கதவு முதல் ஐப்பசி மழையிலேயே ஏறக்குறைய 3 மி.மீ. விரிந்து இறுகிக்கொண்டது. பொறுமையிழந்து அந்த நவம்பரிலேயே விளிம்பை இழைக்கச் செய்தேன். சித்திரை வந்ததும் அதே இடத்தில் பென்சில் நுழையும் அளவு சந்து விழுந்துவிட்டது. தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாக அசையும் மரம் என்பது உண்மைதான். ஆனால் கடலோர ஊரின் ஈரத்தில் அந்தக் குறைவான அசைவே கதவைச் சிக்கவைக்கப் போதும்.

கீழ்ப்பெட்டியின் நடுத் தடுப்பின் கதையில் எனக்கு மனநிறைவு உண்டு. செட்டாப் பெட்டியும் ஆம்ப்ளிஃபயரும் அங்கே மரக்கதவுக்குள் அடைந்து கிடந்தன. முதுகுப்பலகையில் வயர் போக ஒரே ஓட்டைதான் இருந்தது. 2019 கோடையில் செட்டாப் பெட்டி சூடேறி, பிற்பகலில் தானாகவே அணைந்துபோனது. ரிமோட்டை அழுத்தும்போதெல்லாம் கதவைத் திறந்துவைக்கவும் வேண்டியிருந்தது. அந்தக் கதவுக்கு மட்டும் சட்டம் வைத்து, நடுவே பிரம்புப் பின்னல் பொருத்தினோம். முதுகுப்பலகையின் மேல் விளிம்பில் நீளவாக்கில் ஒரு திறப்பும் வெட்டினோம். பிரம்பின் கண்கள் வழியே குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது, சூடான காற்று திறப்பின் வழியாகச் சுவரையொட்டி மேலேறிவிடுகிறது. ரிமோட்டின் அகச்சிவப்புக் கதிரும் தடையின்றி நுழைகிறது. அதன்பின் ஒருமுறைகூடப் பெட்டி அணையவில்லை. பின்புறம் இரண்டு அங்குலம் விட்டிராவிட்டால் அந்தத் திறப்பால் பயன் இருந்திருக்காது. கனத்த ஒலிக்கான ஸ்பீக்கரான சப்வூஃபரை மட்டும் உள்ளே வைக்காதீர்கள். அதன் அதிர்வில் கதவு முழுவதும் கடகடத்தது, தரைக்கு இறக்கிய பிறகே பாட்டு தெளிவாகக் கேட்டது.

டிவியின் அளவில் நான் தொலைநோக்கோடு நடக்கவில்லை. அன்று இருந்த 43 அங்குலப் பெட்டிக்கு 42 அங்குல இடம் தாராளம். பெட்டியின் அளவு மூலைக்கு மூலை கணக்கிடப்படுவதால் அதன் அகலம் 38 அங்குலத்துக்குள்தான் வரும். 2021-இல் வாங்கிய 55 அங்குலப் பெட்டியோ 48 அங்குல அகலம். நல்லவேளையாக, ஓர அடுக்குகளைத் தச்சர் பசையால் ஒட்டாமல் போல்ட்டு போட்டு முடுக்கியிருந்தார். இரண்டையும் கழற்ற அரை மணி நேரம் ஆனது; ஒன்று இப்போது என் மகளின் புத்தக அடுக்கு.

2023 டிசம்பர் 4 அன்று, மிக்ஜாம் புயல் மழையில், தரைத்தளத்திலுள்ள எங்கள் வீட்டுக்குள் 4 அங்குலம் தண்ணீர் நின்றது. கட்டிலுக்கடியில் இருந்தவற்றைத் தூக்கி வைக்கவே நேரம் போதவில்லை. அலமாரியை அசைக்க யாராலும் முடியவில்லை. தண்ணீர் வடிந்த பின் பார்த்தால், கால்களில் மட்டும் பாலிஷ் வெளுத்திருந்தது. கீழ்ப்பெட்டியின் அடிப்பலகையை ஈரம் தொடவே இல்லை. அதே கூடத்தில் தரையோடு பதிந்திருந்த துகள்பலகைச் செருப்பு அலமாரி ஊறி உப்பி, கையால் பிய்த்தால் உதிரும் நிலைக்கு வந்துவிட்டது.

வெளுத்த பாலிஷைச் சரிசெய்வது எளிதாக இருந்தது. பூசியிருந்தது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. சூடான டபராவை வைத்தால் வெள்ளை வளையம் விழும் என்பது அதன் குறை; ஆனால் உப்புத்தாள் போட்டு அந்த இடத்தில் மட்டும் மறுபடி பூசினால் பழைய பூச்சோடு கலந்துவிடும். வலது கதவின் ஓரத்தில், அடிமரத்தின் வெளிப்பகுதியான வைரம் பாயாத வெண்மரத்தின் ஒடுக்கமான பட்டை ஒன்று சேர்ந்துவிட்டிருந்தது. 2022-இல் அதிலிருந்து மட்டும் மாவு கொட்டியது. வண்டு அரித்த அந்தப் பட்டையை எடுத்துவிட்டு வேறு பட்டை வைத்தோம். பலகையை இழைத்த பிறகு, பாலிஷ் ஏறுவதற்கு முன் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். பாலிஷ் ஏறிவிட்டால் வைரமும் வெண்மரமும் ஒரே நிறமாகத் தெரியும்.

இரு பக்கக் கதவுகளையும் தச்சர் முதலில் சொன்னபடியே சட்டமும் காடியும் வைத்து மாற்றப்போகிறோம். பழைய கதவுகளின் தேக்கையே நடுப்பலகைகளாக அறுத்துக்கொள்ளலாம் என்கிறார். கதவுகள் முழுதாக விரிந்திருக்கும் கார்த்திகையில் அளவெடுக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்.