இறுகிப்போன நட்டு: டபிள்யூடி-40 அடிப்பதா, வினிகர் ஊற்றுவதா?

ஃபிளஷ் டேங்கின் கனெக்‌ஷன் பைப்பை மாற்றப் போனால் நட்டு அசையவே மாட்டேன் என்கிறதா? முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள். பழுப்புத் தூள் உதிர்ந்தால் துரு. வெள்ளையாக அப்பியிருந்தால் உப்பு. போர் தண்ணீர் வீடுகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

எதற்கு எது: துருப்பிடித்த இரும்பு போல்ட்டுக்கு டபிள்யூடி-40 என்ற எண்ணெய் ஸ்பிரே. உப்பேறிய பித்தளை, பிளாஸ்டிக் நட்டுக்கு வினிகர்.

செலவு: வினிகர் மலிவு. ஸ்பிரே விலை கூடுதல்தான், ஆனால் கதவுக் கீலுக்கும் பூட்டுக்கும் உதவும்.

நேரம்: ஸ்பிரேக்குக் கால் மணி நேரம், பிடிவாதத் துருவுக்கு ஒரு ராத்திரி. வினிகரைத் துணியில் நனைத்து நட்டைச் சுற்றிக் கட்டி, ஓரிரு மணி நேரம் விட வேண்டும். பொடிப்பொடியாக நுரை வந்தால் உப்பு கரைகிறது என்று அர்த்தம்.

ஆபத்து: எண்ணெய் பட்டால் ரப்பர் வாஷர் ஊதிப்போகலாம், புதிது போட்டுவிடுங்கள். வினிகர் அதிகம் ஊறினால் குரோம் பளபளப்பு மங்கும். அதைவிட முக்கியம், பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் வினிகர் கூடவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

எதை ஊற்றினாலும் திருகும்போது இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்று ஆங்கிள் வால்வை (சுவரோரம் தண்ணீரைத் திறந்து மூடும் குழாய்) பிடிக்க, இன்னொன்று நட்டைத் திருப்ப. ஒற்றை ஸ்பேனரால் மல்லுக்கட்டினால் சுவருக்குள் இருக்கும் சிபிவிசி எல்போ (பிளாஸ்டிக் பைப்பின் வளைவு) விரிசல் விடும். அப்புறம் டைல்ஸை உடைக்க வேண்டியதுதான்.

வாடகை வீடு, ஒரே ஒரு நட்டு என்றால் வினிகர் போதும். பழைய வீடு, இரும்பு போல்ட் என்றால் ஸ்பிரே வாங்குங்கள். இரண்டுக்கும் மசியாத நட்டை ஆக்ஸா பிளேடால் அறுத்துவிடலாம்.