ஜிவிஎச்டி தடுப்பு: மெத்தோட்ரெக்சேட்டா, ஏடிஜியா, சைக்ளோபாஸ்பமைடா?

ஸ்டெம் செல் மாற்றத்தில் கொடையாளரின் டி செல்கள் (நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள்) மிச்சமிருக்கும் ரத்தப் புற்றைத் தீர்த்துக்கட்ட வேண்டும். நோயாளியின் தோல், குடல், கல்லீரல் பக்கம் போகக் கூடாது; போய்த் தாக்கினால் அதுதான் ஜிவிஎச்டி. இரண்டையும் செய்வது ஒரே படை என்பதுதான் சிக்கல். ஸ்டெம் செல் ஏற்றும் நாளை 0 என்று வைத்துக்கொள்வோம்.

பழைய வழி, நோயெதிர்ப்பை அடக்கும் டாக்ரோலிமஸுடன் மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்து. 1ஆம் நாள் சதுர மீட்டருக்கு 15 மி.கி.; 3, 6, 11ஆம் நாட்களில் 10 மி.கி. வாய்ப்புண் முற்றி எச்சில்கூட விழுங்க முடியாமல் போவதால், கடைசி டோஸைக் கைவிடுவது சகஜம். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால் மருந்து அதில் தேங்கி மெல்லக் கசியும், நச்சு நீளும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் இது ஆகாது.

ஏடிஜி, அதாவது டி செல்களை அழிக்கும் எதிர்ப்பொருள் மருந்து, 0ஆம் நாளுக்கு முன்பே ஏறிவிடும். நாள்பட்ட ஜிவிஎச்டியை அடக்குவதில் கெட்டி. உடன்பிறந்தோர் கொடையில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், 2 ஆண்டுகளில் அது வந்தது 32.2% பேருக்கு, ஏடிஜி பெறாதவர்களில் 68.7%. பதிலுக்கு, உடலில் உறங்கிக்கிடக்கும் ஈபிவி, சிஎம்வி வைரஸ்கள் தலைதூக்கும். அடிக்கடி பிசிஆர் பார்த்தே ஆக வேண்டும். ஈபிவி ஏறினால், அது தங்கும் பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப்.

சைக்ளோபாஸ்பமைடு கணக்கு வேறு. 3, 4ஆம் நாட்களில் கிலோவுக்கு 50 மி.கி. நோயாளியின் திசுவை அந்நியமென்று கண்டுகொண்ட டி செல்கள் அப்போதுதான் மளமளவென்று பெருகிக்கொண்டிருக்கும். அடி அவற்றின் மேல் விழுகிறது. ஸ்டெம் செல்களிடம் இம்மருந்தை முறிக்கும் நொதி இருப்பதால் அவை தப்பிக்கின்றன. பாதிப் பொருத்தக் கொடையில் (திசுவகை பாதி மட்டுமே ஒத்துப்போகும் உறவினரின் கொடை) முதல் சில நாட்களில் காய்ச்சல் கொதிக்கும். தொற்றைத் தேடுங்கள், பாராசிட்டமால் கொடுங்கள். ஸ்டீராய்டில் கை வைக்காதீர்கள். டி செல்கள் பெருகாவிட்டால் மருந்துக்கு இலக்கே இருக்காது. சிறுநீர்ப்பையில் ரத்தம் கசியாமலிருக்க மெஸ்னாவும் தாராளமான திரவமும் தேவை. டாக்ரோலிமஸ், மைக்கோபீனோலேட் ஆகிய அடக்கு மருந்துகள் இரண்டும் 5ஆம் நாளில்தான் தொடங்கும். ரத்த அணுக்கள் தாமதமாக ஏறும், இதயத்துக்கும் ஆபத்துண்டு.

மாற்றத்துக்கு முன் தரும் கீமோவை வீரியம் குறைத்துப் பெற்ற 431 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், கடும் ஜிவிஎச்டியோ நோய்த் திரும்பலோ இல்லாமல் ஓராண்டைக் கடந்தவர்கள் சைக்ளோபாஸ்பமைடு முறையில் 52.7%, மெத்தோட்ரெக்சேட்டில் 34.9%. மொத்த உயிர்பிழைப்பில் மட்டும் பெரிய இடைவெளி இல்லை. அந்த வகை நோயாளிக்கு எங்கள் முதல் தேர்வு இதுவே. எக்கோவில் இதயம் பலவீனமென்று தெரிந்தால் ஏடிஜி பக்கம் திரும்பலாம்.

எதைத் தேர்ந்தாலும், வோரிகோனசோல் என்ற பூஞ்சைத் தொற்று மருந்து தொடங்கும் அன்றே டாக்ரோலிமஸ் அளவைக் குறையுங்கள்; ரத்த அளவு எகிறிய பிறகு குறைத்தால் சிறுநீரகம் அதற்குள் அடிபட்டிருக்கும்.