‘நவ் நவ்’ என்பதா, ‘ஜஸ்ட் நவ்’ என்பதா?

தமிழ்நாட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வரும் உறவினர்கள் முதலில் தடுமாறுவது ‘நவ்’ என்னும் எளிய ஆங்கிலச் சொல்லில்தான்.

கால அளவு: ‘நவ் நவ்’ என்றால் சில நிமிடங்களில், நம் ‘இதோ வந்துவிட்டேன்’ என்பதைப் போல. ‘ஜஸ்ட் நவ்’ என்றால் பிறகு எப்போதாவது. ஒரு மணி நேரமும் ஆகலாம், மாலையும் ஆகலாம்.

பிறப்பு: இரண்டும், இங்கே டச்சு மொழியிலிருந்து வளர்ந்த ஆப்பிரிகான்ஸ் மொழியோடு தொடர்புடையவை.

புரியும் எளிமை: ‘ஓடு ஓடு’, ‘வா வா’ என்று விரைவைக் காட்ட அடுக்கிச் சொல்லும் தமிழருக்கு ‘நவ் நவ்’ உடனே விளங்கிவிடுகிறது. மற்றதோ, பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘சற்று முன்பு’ என்றும் ‘இந்த நொடியில்’ என்றும் பொருள்படுவதால், பள்ளியில் அதைக் கற்று வந்தவரை முற்றிலும் வேறு திசைக்கு இழுத்துச் செல்கிறது. டர்பனின் புறநகரான சாட்ஸ்வர்த்தில் எங்கள் பெரியம்மா ‘ஜஸ்ட் நவ்’ என்று சொல்லிச் சென்றதை நம்பி, சென்னையிலிருந்து வந்திருந்த அத்தை வாசலிலேயே நெடுநேரம் நின்றது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

அடுப்பில் எண்ணெய் காயும்போதும், வண்டி வாசலில் நிற்கும்போதும் ‘நவ் நவ்’ பொருந்தும். மறுக்க மனமின்றி வேலையைத் தள்ளிவைக்க ‘ஜஸ்ட் நவ்’ போதும். மருத்துவருக்கோ ஊரிலிருந்து வந்தவருக்கோ இரண்டுமே வேண்டாம், மணியைச் சொல்லிவிடுங்கள்.