முழு நாடும் ஒரே தொகுதியா, ஐம்பத்தொரு தொகுதிகளா?

537. 2000ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதி யார் என்பதைத் தீர்மானித்த வாக்குகள் இவ்வளவுதான். புளோரிடாவில் ஜார்ஜ் புஷ் அந்த 537 வாக்குகளால் முந்தினார். ஜனாதிபதியை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களில் அந்த மாநிலத்துக்குரிய 25 பேரும் அவருக்கே போனார்கள், வெள்ளை மாளிகையும் போனது. நாடு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் அல் கோர் 5.43 இலட்சம் வாக்குகள் முன்னால் நின்றார்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2005 நவம்பரில், இலங்கையில் மகிந்த ராஜபக்ச 180,786 வாக்குகளால் ரணில் விக்ரமசிங்கவைத் தோற்கடித்தார். இங்கே எந்த மாவட்டத்தில் யார் முந்தினார் என்ற கணக்கு கிடையாது. தீவு முழுவதும் ஒரே தொகுதி. ஆனால் அன்று யாழ்ப்பாண மாவட்டத்தில், பட்டியலில் இருந்த ஏழு இலட்சம் பேரில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் சொச்சம். விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பு அழைப்பும் அதன் பின்னிருந்த அச்சமும் வாக்குச்சாவடிகளைக் காலியாக்கிவிட்டன.

தேர்வாளர் முறையை விட்டுவிட்டு மக்களின் நேரடி வாக்கால் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கலாமா என்ற விவாதம் அமெரிக்காவில் கிளம்பும் போதெல்லாம், நேரடி வாக்கு வந்தால் சிறிய மாநிலங்கள் என்ன ஆகும், சிறுபான்மை என்ன ஆகும் என்று இரு தரப்பும் ஊகத்தில்தான் பேசுகின்றன. 1982 முதல் அதை நடத்திப் பார்த்த நாடு ஒன்று இருக்கும்போது ஊகம் எதற்கு? என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நான் நேரடி வாக்கின் பக்கம். ஆனால் அந்தப் பக்கத்தில் நிற்பவர்கள் சொல்லும் காரணங்களில் பாதியை நான் நம்பவில்லை.

முதலில் அமெரிக்க ஏற்பாடு. வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர் இருந்தாலும் வாக்கு போவது அந்த மாநிலத்தில் அவருக்காக நிற்கும் தேர்வாளர் அணிக்கு. மொத்தத் தேர்வாளர்கள் 538 பேர், வெல்ல 270 வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் பிரதிநிதிகள் சபை இடங்களோடு செனட்டின் இரண்டும் சேர்ந்த எண்ணிக்கை, தலைநகர் வாஷிங்டனுக்கு மூன்று. 50 மாநிலங்களும் தலைநகரும் சேர்ந்து ஐம்பத்தொரு தொகுதிகள். 48 மாநிலங்களில் ஒரு வாக்கு முந்தினாலும் எல்லாத் தேர்வாளர்களும் முந்தியவருக்கே. இந்த ‘எல்லாம் ஒருவருக்கே’ விதி அரசியலமைப்பில் இல்லை, மாநிலச் சட்டங்களில்தான் இருக்கிறது. மெய்ன், நெப்ராஸ்கா இரண்டு மட்டும் தொகுதிவாரியாகவும் பிரித்துக் கொடுக்கின்றன. அதையே நாடெங்கும் செய்யலாமே என்பவர்களுக்கு ஒரு தகவல்: 2012இல் அப்படிச் செய்திருந்தால், ஏறத்தாழ 50 இலட்சம் வாக்குகள் பின்தங்கிய மிட் ராம்னி வென்றிருப்பார். தொகுதி எல்லைகளை வரைபவரே ஜனாதிபதியையும் தேர்ந்தெடுத்துவிடுவார். அந்த யோசனையை இத்துடன் விட்டுவிடலாம்.

இப்போது 2005ஐ அமெரிக்கக் கணக்கில் போட்டுப் பாருங்கள். தேர்வாளர்களின் எண்ணிக்கை மக்கள்தொகையை ஒட்டியது, வாக்களித்தோர் தொகையை ஒட்டியதல்ல. யாழ்ப்பாணத்தில் எண்ணாயிரத்துச் சொச்சம் பேர் மட்டும் வாக்களித்திருந்தாலும் அந்த மாவட்டத்தின் முழுப் பங்கும் அப்படியே எண்ணப்பட்டிருக்கும். அங்கே முந்தியவர் ரணில். அதாவது ஒரு பிரதேசத்தை வாக்குச்சாவடியிலிருந்து துரத்தியோ தடுத்தோ அதன் பெறுமதியைக் குறைத்துவிட முடியாது. தேர்வாளர் முறைக்கு ஆதரவாக நான் காணும் ஆக வலுவான நியாயம் இதுதான். வியப்பு என்னவென்றால், அதன் ஆதரவாளர்கள் இதை அதிகம் சொல்வதில்லை.

சொல்லத் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. வாக்களிக்காதவர்களின் பெயரால் ஒரு பிரதேசத்துக்குப் பெறுமதி கொடுப்பதுதான் அந்த முறையின் பிறப்பு இரகசியம். 1787இல் அரசியலமைப்பை எழுதப் பிலடெல்பியாவில் கூடியவர்களில் ஜேம்ஸ் வில்சன் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்றார். அது நல்ல வழிதான் என்று ஒப்புக்கொண்ட ஜேம்ஸ் மேடிசன், ஒரு சிக்கலையும் சொன்னார். வடக்கில் வாக்குரிமை பரவலாக இருக்கிறது, தெற்கிலோ மக்களில் பெரும்பகுதி அடிமைகள், ஆகவே நேரடித் தேர்தலில் தெற்கின் கை ஓங்காது. தேர்வாளர் முறை அந்தச் சிக்கலைத் தீர்த்தது. ஓர் அடிமையை ஐந்தில் மூன்று ஆளாக எண்ணி மாநிலத்தின் இடங்களைக் கூட்டிக்கொள்ளலாம், வாக்குச்சீட்டை மட்டும் அவர் கையில் கொடுக்க வேண்டியதில்லை. முதல் 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் வெர்ஜினியாவைச் சேர்ந்த அடிமை உடைமையாளர்களே ஜனாதிபதிகளாக இருந்தார்கள். ஆக, தடுக்கப்பட்டவனின் பெறுமதியைக் காப்பாற்றும் அதே ஏற்பாடு, அவனைத் தடுத்தவனின் கையிலேயே அந்தப் பெறுமதியைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் செய்கிறது. நேரடி வாக்கில் மக்களைத் தடுப்பவன் தன் மாநிலத்தின் கையையே சுருக்கிக்கொள்கிறான். இந்த ஒரு காரணத்துக்காகவே என் தராசு நேரடி வாக்கின் பக்கம் தாழ்கிறது.

சிறிய மாநிலங்களின் பாதுகாப்பு என்ற வாதம் அவ்வளவு நேரம் தாங்காது. வயோமிங்கில் ஏறத்தாழ 1.9 இலட்சம் பேருக்கு ஒரு தேர்வாளர், கலிபோர்னியாவில் 7.3 இலட்சம் பேருக்கு ஒருவர். காகிதத்தில் வயோமிங்காரரின் கை ஓங்கியிருக்கிறது, உண்மைதான். ஆனால் முடிவு முன்கூட்டியே தெரிந்த மாநிலத்துக்கு எந்த வேட்பாளர் வரப்போகிறார்? 2024இல் பிரசாரம் சுற்றிச் சுற்றி வந்தது பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா ஆகிய ஏழு மாநிலங்களில். இந்த முறை காப்பது சிறிய மாநிலத்தை அல்ல, இழுபறி மாநிலத்தை. ‘கலிபோர்னியாவே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும்’ என்ற அச்சத்திலும் சாரமில்லை. 2020இல் டொனால்ட் டிரம்ப் கலிபோர்னியாவில் பெற்ற 60 இலட்சம் வாக்குகள், டெக்சாஸில் அவர் பெற்றதை விட அதிகம். அந்த 60 இலட்சமும் ஒரு தேர்வாளரைக்கூடப் பெற்றுத் தரவில்லை.

சரி, முழு நாடும் ஒரே தொகுதியானால் சிறுபான்மைக்கு என்ன? இங்கேதான் நேரடி வாக்கின் ஆதரவாளர்களோடு எனக்குப் பிணக்கு. 2015இல் இலங்கையில் மைத்திரிபால சிறிசேன 4.49 இலட்சம் வாக்குகளால் வென்றார். வடக்கிலும் கிழக்கிலும் அவருக்குக் கிடைத்த கூடுதல் வாக்குகளைக் கழித்தால் அந்த முன்னிலையே இல்லை. அன்று, பெரும்பான்மை இரண்டாகப் பிளந்தால் தமிழ், முஸ்லிம் வாக்குகளே தீர்ப்பெழுதும் என்று பேசாத கட்டுரையாளர் இல்லை. ஐந்து ஆண்டுகள் முடிவதற்குள், 2019இல், கோட்டாபய ராஜபக்ச 52.25 வீதம் பெற்றார். யாழ்ப்பாணத்தில் அவருக்குக் கிடைத்தது நூற்றுக்கு ஆறு. அந்த ஆறும் இல்லாமலேயே வென்றிருப்பார். நேரடி வாக்கு சிறுபான்மையைக் காக்கும் என்பதும், அழித்துவிடும் என்பதும் ஒரே மாதிரி மிகைப்படுத்தல்தான். பெரும்பான்மை பிளந்திருக்கும் ஆண்டில் அது கை கொடுக்கும், ஒன்று திரண்ட ஆண்டில் கை விரிக்கும்.

நாடாளுமன்றமே தேர்ந்தெடுக்கட்டும் என்ற மூன்றாவது வழியும் உண்டு. 2022 ஜூலையில் இலங்கை அதையும் கண்டது. தன் கட்சிக்கு ஒரேயொரு ஆசனம், அதுவும் எந்த மாவட்டத்திலும் வெல்லாமல் தேசியப் பட்டியலில் கிடைத்த ஆசனம், வைத்திருந்த ரணில் 134 உறுப்பினர்களின் வாக்குகளைப் பெற்று ஜனாதிபதியானார். சடங்குப் பதவிக்கு அது போதும். படைக்கும் அமைச்சரவைக்கும் தலைவராக இருப்பவருக்குப் போதாது.

வென்றவர் என்று யாரைச் சொல்வது என்பதில் அமெரிக்கர்கள் போதிய கவனம் செலுத்துவதில்லை. 1969இல் நேரடித் தேர்தல் திருத்தத்தைப் பிரதிநிதிகள் சபை 339க்கு 70 என்று நிறைவேற்றியது. 40 வீதம் எட்டாவிட்டால் முதலிருவருக்கு இடையே மறு சுற்று என்று அதில் எழுதியிருந்தார்கள். அடுத்த ஆண்டு செனட்டில் பேசிப் பேசியே அதைக் கொன்றார்கள். இன்றைய திட்டம் வேறு: 270 தேர்வாளர்களைக் கொண்ட மாநிலங்கள் ஒன்றுகூடி, நாடளவில் முந்தியவருக்கே தங்கள் தேர்வாளர்களைத் தருவது என்ற உடன்படிக்கை. 2024இல் மெய்ன் சேர்ந்ததும் கணக்கு 209 ஆனது. 38 மாநிலங்களின் சம்மதம் தேவைப்படும் அரசியலமைப்புத் திருத்தத்தைச் சுற்றிக்கொண்டு போகும் கெட்டிக்காரத்தனம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதில் குறைந்தபட்ச வீதமே இல்லை. ஐந்து பேர் களத்தில் நின்றால் 30 வீதம் வாங்கியவரும் ஜனாதிபதி.

இலங்கைச் சட்டம் பாதிக்கு மேல் கேட்கிறது. எவரும் அதைத் தொடாவிட்டால் முதலிருவரை வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குப் போன சீட்டுகளில் வாக்காளர் 2, 3 என்று குறித்த இரண்டாம், மூன்றாம் விருப்பு வாக்குகளை எண்ண வேண்டும். மறு தேர்தல் செலவு இல்லை, இரண்டு வாரக் காத்திருப்பு இல்லை, படிக்க அழகான ஏற்பாடு. 42 ஆண்டுகள் அதற்கு வேலையே வரவில்லை. 2024 செப்டம்பரில் வந்தது. அநுர குமார திசாநாயக்க 42.31 வீதம், சஜித் பிரேமதாச 32.76 வீதம். களத்திலிருந்து நீக்கப்பட்டவர்களின் சீட்டுகள் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றை மீண்டும் எடுத்துப் புரட்டியபோது அநுரவுக்குச் சேர்ந்தவை 105,264, சஜித்துக்கு 167,867. பன்னிரண்டு சீட்டில் ஒன்றுதான் கைமாறியது. மற்றவற்றில் பெரும்பாலும் ஒற்றைப் புள்ளடி, அல்லது 1 என்ற எண், அத்தோடு சரி. எல்லாம் எண்ணி முடித்த பிறகும் வென்றவரிடம் இருந்தது செல்லுபடியான வாக்குகளில் 43 வீதம்தான்.

அதனால்தான், நேரடி வாக்கு என்று முடிவானால், நான் கேட்பது விருப்பு எண்ணை அல்ல, பிரான்சில் நடப்பதைப் போன்ற இரண்டாம் சுற்றை. 2002இல் அங்கே 16 பேர் நின்ற முதல் சுற்றில் ஜாக் சிராக் பெற்றது 20 வீதத்துக்கும் குறைவு. இரண்டு வாரம் கழித்து, எதிரே நிற்பவர் தீவிர வலதுசாரியான ழான் மரி லு பென் என்று தெரிந்த பிறகு, மக்கள் திரும்பி வந்து சிராக்குக்குக் கொடுத்தது 82 வீதம். அதே 33 இலட்சம் பேரையும் 2024இல் இரண்டு பெயர்கள் மட்டும் உள்ள சிறிய சீட்டோடு இன்னொரு சனிக்கிழமை அழைத்திருந்தால் அநுர வென்றிருப்பாரா, சஜித் வென்றிருப்பாரா என்று இன்றும் யாராலும் சொல்ல முடியாது.