அதட்டலா, புள்ளியா, தணிந்த குரலா?

பாடம் நடத்தவிடாமல் இடையூறு செய்யும் மாணவர்களைக் கையாள, புதிய ஆசிரியர்களுக்குப் பொதுவாக மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன: எல்லோர் முன்னிலையிலும் அதட்டுவது, நடத்தையைப் புள்ளியிட்டுக் கணக்கு வைப்பது, அருகில் சென்று அந்த மாணவருக்கு மட்டும் கேட்கும்படி சொல்வது. மூன்றையும் கையாண்ட பின் மூன்றாவதையே நான் என் வழியாக்கிக்கொண்டேன். அடிப்பதை ஒரு வழியாகவே நான் கருதாததால், அது இந்த ஒப்பீட்டில் இடம்பெறவில்லை.

அதட்டினால் வகுப்பு சட்டென்று அடங்கும்; ஆனால் பிறர் கவனத்துக்காகவே குறும்பு செய்யும் பிள்ளைக்கு முழு வகுப்பின் பார்வையையும் நாமே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

புள்ளி முறைக்கு வலுவான சான்று உண்டு. 1969இல் வெளியான ‘நன்னடத்தை விளையாட்டு’ ஆய்வில், நான்காம் வகுப்பு மாணவர்களை இரு அணிகளாகப் பிரித்து, விதி மீறும் அணியின் பெயரில் கரும்பலகையில் குறியிட்டபோது, தேவையற்ற பேச்சும் இருக்கையை விட்டு எழுவதும் வெகுவாகக் குறைந்தன. பாடத்தின் நடுவே ஒவ்வொரு மீறலையும் விடாமல் பார்த்துக் குறிப்பதுதான் கடினம்.

எந்த முறையையும் நாள் முழுவதும் ஒரே சீராகக் கடைப்பிடிக்க முடிகிறதா என்பதே என் முடிவைத் தீர்மானித்தது. ஒரு செயலுக்கு எப்போதாவது மட்டும் பலன் கிடைத்தால், அந்தப் பழக்கம் எளிதில் விடுவதில்லை என்பது உளவியலாளர் ஸ்கின்னரின் ஆய்வுகளிலிருந்தே அறியப்பட்டது. முதல் பாடவேளையில் கண்டித்த குறும்பைத் தொண்டை கட்டிய கடைசிப் பாடவேளையில் கண்டுகொள்ளாமல் விட்டால், ‘இன்று தப்பிக்கலாமா?’ என்று மாணவர்கள் நாள்தோறும் நம்மைச் சோதித்துப் பார்க்கவே செய்வார்கள். அதட்டலும் புள்ளிக் கணக்கும் நாம் களைத்த வேளையில்தான் முதலில் கைநழுவுகின்றன.

தணிந்த குரலுக்கு அவ்வளவு தெம்பு தேவையில்லை. பாடத்தை நிறுத்தாமல் நடந்து சென்று, மேசையின் பக்கவாட்டில் குனிந்து, “தம்பி, மூன்றாவது கணக்கை ஆரம்பிப்பா” என்று செய்ய வேண்டியதை மட்டும் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நகர்ந்துவிட வேண்டும். பக்கத்தில் நின்றே பார்த்துக்கொண்டிருந்தால் நண்பர்கள் முன் பணிந்துபோக அவனுக்குக் கூச்சமாக இருக்கும். நகர்ந்துவிட்டால் பெரும்பாலும் பேனாவை எடுத்துவிடுவான். ஓ’லியரியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1970இல் வெளியிட்ட ஆய்விலும், ஆசிரியர்கள் உரத்த கண்டிப்பிலிருந்து தணிந்த கண்டிப்புக்கு மாறியபோது பெரும்பாலான குழந்தைகளிடம் இடையூறு குறைந்தது. மீண்டும் உரக்கக் கண்டித்தபோது கூடியது.

நான் பெரும்பாலும் நடுநிலை வகுப்புகளுக்கே பாடம் எடுத்திருப்பதால், மேல்நிலை மாணவர்களிடம் இது இதே அளவுக்குப் பலிக்கும் என்று உறுதியாகச் சொல்லமாட்டேன். கைகலப்பு மூண்டால் தணிந்த குரல் போதாது. உடனே உரக்கத் தடுத்து, உதவிக்கு இன்னொரு ஆசிரியரை அழைக்க வேண்டும். மேலும், ஒவ்வொரு மேசையின் அருகிலும் செல்ல நடைவழி இல்லாத வகுப்பில் இம்முறை நடக்காது. அங்கே முதலில் இருக்கைகளை மாற்றிப் போடுங்கள்.